வஜ்ஜிரமும் பனிக்குடமும்

(கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியர்களும் ஊர்மக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடம்புக்கு வெளியே, ஒரு மெல்லிய சவ்வின்மேல், மனிதச் செல்களை எப்படி வளர்க்கிறோம், அதற்கு முன்னால் அந்தச் சவ்வில் ஏன் புரதம் பூசுகிறோம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேறு ஊராக இருந்தால் ஆய்வகம், நுண்ணோக்கி என்று தொடங்கியிருப்பேன். கோவில்பட்டியில் வஜ்ஜிரத்திலிருந்தே தொடங்கிவிடலாம்.

என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் நிற்பேன். மருந்து கலக்குகிற பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள். வாசலில் நின்றாலே வஜ்ஜிரம் காய்கிற வாடை வந்துவிடும். பழுப்பு நிறத்தில் சில்லுச் சில்லாக இருக்கும் அந்தப் பொருளை முதல்நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார்கள். காலையில் பார்த்தால் உப்பி, கொழகொழவென்று ஆகியிருக்கும். அதை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கித்தான் உருக்கவேண்டும். சூடு மீறினால் பிடிப்புப் போய்விடும். குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித் தூளும் குச்சி முனையில் உருண்டையாக நிற்கிறதென்றால் அதைப் பிடித்து நிறுத்துவது வஜ்ஜிரம்தான்.

பல வருஷம் கழித்து, செல் வளர்க்கிற ஆய்வகத்தில் முதல்நாள் என் கையில் ஒரு சிறு புட்டியைக் கொடுத்து, “இதைத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் பூசு, பிறகுதான் செல் போடவேண்டும்” என்றார்கள். புட்டிமேல் ஜெலட்டின் என்று எழுதியிருந்தது. ஊறப்போட்டேன். உப்பியது. சுடுநீர்த் தொட்டியில் வைத்து உருக்கினேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது, இது அம்மா ஆபீசுச் சரக்கு என்று. சுத்தம் வேறு, விலை வேறு, பொருள் ஒன்று.

இரண்டும் கொலாஜனிலிருந்து வருபவை. தோல், எலும்பு, தசைநாண் என்று நம் உடம்பைக் கட்டி வைத்திருக்கும் புரதம் கொலாஜன். உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்தால் கொலாஜன் பிரிந்து ஜெலட்டின் ஆகிறது. அதுவே தொழிற்கூடத்துக்குப் போனால் வஜ்ஜிரம்.

பிரிந்து என்று சொன்னேன். எது பிரிகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது சென்னையில். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்றபோது ஜி.என். ராமச்சந்திரனுக்கு ஏறக்குறைய முப்பது வயது. அந்த ஆண்டு சென்னைக்கு வந்த பிரிட்டன் அறிவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் வடிவத்தை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். நல்ல மாதிரி வேண்டுமே! பக்கத்தில் அடையாற்றில், 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் அவர் சொன்ன விடை: கொலாஜன் மூன்று புரிகளால் ஆனது. மறு ஆண்டே அந்த மாதிரியைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன என்றார்கள்.

கயிறு திரிக்கத் தெரிந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அப்படியே: தனிப் புரி இடம் சுற்றுகிறது, மூன்றும் சேர்ந்து வலம் சுற்றுகிறது. சூடு பட்டால் முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்ததுதான் ஜெலட்டின்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் உடம்பில் ரத்த அணுக்களை விட்டுவிட்டால், பெரும்பாலான செல்கள் எதையாவது பற்றிக்கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. தோலின் செல், கண்ணின் செல், குடலின் செல் எல்லாமே ஒரு மெல்லிய புரதப் பாயின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாய் கொலாஜனும் லேமினினும் பின்னியது. பாயிலிருந்து பிடுங்கி வளர்ப்புத் திரவத்தில் மிதக்கவிட்டால், உணவு இருந்தும், பிராணவாயு இருந்தும், செல் தானாகச் செத்துப்போகும். கால் வைக்க இடமில்லை என்பதே அதற்குச் சாவுச் செய்தி.

இப்படிப் பாய் விரித்துச் செல் வளர்ப்பது நம் பக்கத்து மனிதர்களுக்கு எங்கே தேவைப்படுகிறது? ஒரே ஓர் உறுப்பை எடுத்துக்கொள்கிறேன், கண்.

கருவிழியின் மேற்பரப்பில் தோல்போல ஐந்தாறு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. இமை உராய்ந்து உராய்ந்து தினமும் உதிர்கின்றன. ஒரு வாரம் பத்து நாளில் அந்த மேல்தோல் முழுக்கப் புதிதாகிவிடும். புதிய செல்கள் வருவது கருவிழியும் வெள்ளை விழியும் சேருகிற விளிம்பிலிருந்து. வயலுக்கு வரப்போரத்தில் நாற்றங்கால் இருப்பதுபோல, அந்த வளையத்தில்தான் ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன. நாற்றங்கால் எரிந்துவிட்டால் வெள்ளை விழியின் தோல் ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு கருவிழிமேல் படர்ந்துவிடும். பார்வை மறைந்துவிடும். வேறொருவர் தானம் தந்த கருவிழியை வைத்துத் தைத்தாலும் நிற்காது. அதற்கு மேல்தோல் கொடுக்க நாற்று இல்லையே.

அதை எரிப்பது எது? இந்தியாவில் கண் மருத்துவர்கள் முதலில் சொல்வது சுண்ணாம்பு. வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு, வெள்ளையடிக்க ஊறவைத்த சுண்ணாம்பு. பிள்ளைகள் பிதுக்கி விளையாடும்போது தெறிக்கிறது. அமிலம் பட்டால் மேலே உள்ள புரதத்தை உறையவைத்து ஓரளவு அங்கேயே நின்றுவிடும். காரம் நிற்காது; செல்லின் கொழுப்புச் சுவரைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். பட்டாசு வெடித்துக் கண் போவதைச் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பேசியதில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் தாய்ப்பால் விடாதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள். இமையை நன்றாக விரித்துப் பிடித்துக்கொண்டு, கிடைக்கிற நல்ல தண்ணீரால் அரை மணி நேரம் கழுவிக்கொண்டே இருங்கள். இமைக்கடியில் துணுக்கு ஒட்டியிருந்தால் அதுவும் போகவேண்டும். பிறகுதான் பஸ், ஆட்டோ எல்லாம். என் வகுப்பில் படித்த ஒருவனுக்கு ஒரு கண் இப்படித்தான் போனது. கொல்லைப்புறத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. யாரும் கழுவவில்லை; தெரியவில்லை.

அப்படி ஒரு கண்ணில் நாற்றங்கால் எரிந்துபோனவருக்கு என்ன செய்யலாம்? நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவு திசு எடுக்கிறார்கள். எள்ளைவிடச் சிறியது. ஆய்வகத்தில் அதை ஒரு சவ்வின்மேல் வைத்து இரண்டு வாரம்போல வளர்த்தால் செல்கள் பரவி ஒரு விரிப்பாகின்றன. அந்தச் சவ்வோடு சேர்த்து அடிபட்ட கண்ணில் பதிக்கிறார்கள். விளிம்புச் செல்லை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்ணில் பதிப்பதை இத்தாலியில் முதலில் இரண்டு பேருக்குச் செய்து 1997-இல் வெளியிட்டார்கள். ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது.

எந்தச் சவ்வு? பனிக்குடம்.

பிரசவத்துக்குப் போன பெண்களுக்குப் பனிக்குடம் உடைவது தெரியும். அந்தக் குடத்தின் உட்சுவர்தான் சவ்வு. சிசேரியன் ஆன தாய்மாரிடம் சம்மதம் வாங்கி, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமி போன்றவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, சுத்தம் செய்து, உறைநிலையில் வைத்துக்கொள்கிறார்கள். செல் வளர்க்க அது ஏன் அவ்வளவு தோதாக இருக்கிறது? சவ்வின்மேல் ஏற்கெனவே உள்ள செல்களை நொதியால் தளர்த்தி, மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டால் கீழே அந்தப் புரதப் பாய் அப்படியே கிடக்கிறது. நான்காம் வகைக் கொலாஜன், லேமினின், ஃபைப்ரோனெக்டின் எல்லாம் இயற்கையே பூசி வைத்திருக்கிறது. இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பஞ்சுமுனையால் தொட்டால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். வழவழப்பான பக்கம் மேலே இருக்கவேண்டும். பக்கம் மாறினால் பாய் கீழே போய்விடும்.

இந்த இடத்தில் நம் மண்ணின் மனிதர் ஒருவரைச் சொல்லவேண்டும். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. சிறுவயதில் உறவுப் பெண்கள் மூன்று பேர் கர்ப்ப காலத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று நினைத்தார். மூட்டுவாதம் விரல்களை முடக்கியது. அந்தப் படிப்பு கைவிட்டுப்போய்க் கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிய விரல்களோடு ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தார். ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிரசவ மருத்துவத்துக்குப் போக முடியாத அந்த மனிதர் தொடங்கிய இடத்தில், பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடத்தின்மேல் கண்ணுக்குச் செல் வளர்க்கும் ஆராய்ச்சி நடந்தது. இரண்டு கண்ணும் எரிந்துபோனவருக்கு எடுக்க நல்ல விளிம்பே இல்லையே? பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பனும் உடனிருந்தவர்களும் நோயாளியின் கன்னத்தின் உட்தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்துக் கண்ணில் பதித்து, 2011-இல் அதை வெளியிட்டார்கள். வாயின் செல் கண்ணில்! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பனிக்குடம் இவ்வளவு நல்லதென்றால் புரதம் பூசுவது எதற்கு? ஒரு தாயின் சவ்வுபோல இன்னொரு தாயின் சவ்வு இருப்பதில்லை. தடிமன் மாறும், தெளிவு மாறும், சில வேளை எளிதில் கிழியும். அதனால் எப்போதும் ஒரே தரத்தில் நாமே செய்துகொள்ளும் சவ்வு வேண்டும் என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் பட்டும் வந்தது.

பட்டுக்கூட்டைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் பசை போய், ஃபைப்ராயின் என்ற நார் மட்டும் நிற்கும். அதை லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பை நீக்கி, தட்டில் ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடிபோல ஒரு தாள் கிடைக்கும். தெளிவு, உறுதி, ஒவ்வொரு முறையும் ஒரே தடிமன். கண்ணுக்காகவே செய்ததுபோல் இருக்கும். ஆனால் செல்லுக்கு அது அந்நிய ஊர்.

காரணம் சொல்கிறேன். செல்லின் வெளிச்சுவரில் இன்டெக்ரின் என்ற கைகள் உண்டு. அவை கண்டதையெல்லாம் பற்றாது. 1984-இல் அமெரிக்காவில் எர்க்கி ருவோஸ்லாத்தியும் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் ஃபைப்ரோனெக்டின் என்ற பெரிய புரதத்தைத் துண்டு துண்டாக்கிப் பார்த்து, செல் பற்றுவது அதில் ஒரு சிறு இடத்தை மட்டும் என்று காட்டினார்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம். வரிசையாக மூன்றே அமினோ அமிலங்கள். ஆயிரக்கணக்கான எழுத்து உள்ள புத்தகத்தில் மூன்றெழுத்து ஊர்ப்பெயரை மட்டும் தேடிப் படிக்கிறது செல். ருவோஸ்லாத்திக்கு 2022-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. மல்பெரிப் பட்டின் ஃபைப்ராயினில் அந்த மூன்றெழுத்து இல்லை. காட்டுப் பட்டான டசரில் இருக்கிறது, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுபாஸ் குண்டுவின் குழு டசர் பட்டில் செல் வளர்த்த வேலைக்கு அதுவும் ஒரு காரணம்.

மல்பெரிப் பட்டுக்குச் செல் படிக்கக்கூடிய எழுத்தை மேலே எழுதிவிடவேண்டியதுதான். அதுதான் புரதப் பூச்சு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து கண் நிறுவனத்தார் பட்டுத் தாளில் நான்காம் வகைக் கொலாஜனைப் பூசியபோது, மனிதக் கருவிழியின் உள்ளடுக்குச் செல்கள் அதில் ஒட்டி, இடைவெளியில்லாத விரிப்பாக நெருங்கி வளர்ந்தன.

உங்கள் ஊரில் இந்த வேலை புதிதல்ல. புரட்டாசிக் கடைசியில் உளுந்தும் பாசியும் விதைக்கும் முன்னால் என்ன செய்கிறீர்கள்? ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து, விதைமேல் படும்படி புரட்டி, நிழலில் உலர்த்தி, மறுநாளுக்குள் விதைத்துவிடுகிறீர்கள். 1901 முதல் இங்கே இருக்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வெயிலில் காயப்போடாதே என்று ஏன் தலைப்பாடாகச் சொல்கிறார்கள்? பூச்சில் இருப்பது உயிர். வெயில் பட்டால் செத்துவிடும். எங்கள் பூச்சு உயிரில்லை, ஆனால் அதில் பல புரதங்களுக்கு உருவம் கெடக்கூடாது. உருவம் கெட்டால் செல் பற்றுகிற இடம் மறைந்துபோகலாம், செல்லுக்குத் தெரியாது.

நான் இதை நஷ்டப்பட்டுக் கற்றேன். லேமினின் என்ற புரதம் உறைந்த நிலையில் வரும். பனிக்கட்டிமேல் வைத்து மெல்ல இளகவிடவேண்டும். அவசரத்தில் உள்ளங்கையில் வைத்து உருக்கினேன். உருகியதுபோலத் தெரிந்தது, உண்மையில் ஆங்காங்கே கூழாகிவிட்டது. பூசினேன், செல்லைப் போட்டேன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டில் சில இடத்தில் செல்கள் கும்பல் கும்பலாக, மற்ற இடமெல்லாம் வெறும் தரை. கரிசலில் மழை பாதியோடு நின்றுபோன வருஷம் பயிர் திட்டுத் திட்டாக முளைக்குமே, அதே காட்சி. அந்தச் செல்கள் தானமாக வந்த ஒரு கண்ணிலிருந்து எடுத்தவை. இறந்தவருடைய குடும்பம் துக்கத்தின் நடுவில் கொடுத்தது. அந்தத் தட்டைக் கழுவும்போது எனக்கு இருந்த வேதனை இன்றைக்கும் இருக்கிறது.

பூச்சு சரியாக அமைந்த நாளும் உண்டு. செல் போட்ட உடனே அவை மணிமணியாக, உருண்டையாக மிதந்து இறங்கும். பூசாத தட்டில் அடுத்த நாளும் மணியாகவே கிடக்கும். தட்டை அசைத்தால் உருளும். பூசிய தட்டில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் ஓரத்தில் மெல்லிய நீட்சியை விடும். தடவிப் பார்ப்பதுபோல் இருக்கும். பிறகு இன்னொரு பக்கம். தோசைமாவு கல்லில் விரிவதுபோலச் செல் தட்டையாகி ஒளி மங்கும். பார்த்துக்கொண்டிருக்கையில் பக்கத்துச் செல்லும் விரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நிறையப் பூசினால் நிறைய வளரும் என்று நினைத்துவிடக் கூடாது. பூச்சு அளவுக்கு மீறினால் செல் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றுவிடும். விரிப்பாகப் படர நகர்வும் வேண்டும். லேமினின் போன்றதென்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிராமில் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். எந்தப் புரதமும் ஆகும் என்பதும் இல்லை. ரத்தத்தில் அதிகமாக உள்ள ஆல்புமினைப் பூசினால் செல் ஒட்டவே ஒட்டாது. ஒட்டக்கூடாத இடத்துக்கு அதை வேண்டுமென்றே பூசுவதும் உண்டு. மாட்டிலிருந்து எடுத்த புரதமென்றால் கிருமி, ஒவ்வாமை என்று கேள்வி வரும். அதனால் நோயாளியின் சொந்த ரத்தச் சீரத்தையே பயன்படுத்துகிற வழிக்குப் போகிறார்கள். இந்த அக்கறை சரியானது என்றே நினைக்கிறேன். கண்ணில் வைக்கப்போகிற பொருளுக்குச் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஆனால் இன்னொரு சிக்கனம் நமக்கு வேண்டும். இவ்வளவு ஆய்வகமும் எல்லா ஊரிலும் வராது. 2012-இல் ஐதராபாத்தில் வீரேந்தர் சங்வானும் உடனிருந்தவர்களும் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் சிறு திசுவை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, அறுவை மேசையிலேயே அடிபட்ட கண்ணின்மேல் பனிக்குடத்தை விரித்து, துணுக்குகளை அதன்மேல் பரப்பி ஒட்டிவிடுகிறார்கள். செல் வளர்வது நோயாளியின் கண்ணிலேயே. ஒட்டுவதற்கு நூல் இல்லை, ஃபைப்ரின் பசை. ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம் அது. ஆய்வகம் போனாலும் புரதப் பூச்சு போகவில்லை, பாருங்கள். மாவட்டத் தலைநகர் அளவில் செய்யக்கூடிய அறுவை இது என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பற்று உண்டு.

போன வருஷம் இதே பக்கத்தில் ஒரு கிராமத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “ஏ தம்பி, நான் பூசுத கஞ்சி மண்ணுக்குள்ள போனதும் கரைஞ்சிரும். நீ பூசுதியே, அது எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?” என்று கேட்டார். நான் சந்தித்த கேள்விகளில் இதைவிடச் சரியானது குறைவு.

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். எங்கள் பூச்சும் தாங்காது. செல்லே தன் நொதிகளால் அதை அரித்துத் தின்றுவிடும். ஆனால் காலூன்றிய செல் சும்மா இருப்பதில்லை. அது தன் வயிற்றிலிருந்து சொந்தமாகக் கொலாஜன் நூற்கிறது, லேமினின் சுரக்கிறது, தனக்குக் கீழே தானே பாய் பின்னிக்கொள்கிறது. சில நாள் கழித்து அந்தச் சவ்வைச் சாயம் போட்டுப் பார்த்தால், நாங்கள் பூசியது எது, செல் பின்னியது எது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டமாகிவிடும்.

“அப்போ மொத நாளைக்குத்தான் உன் கஞ்சி” என்றார் பெரியவர்.

ஆமாம், முதல் நாளைக்குத்தான்.